மாணவர் கற்றாரா என்று கேளுங்கள்: உயர்கல்வித் தர மதிப்பீட்டு அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டு அங்கீகாரம் வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அந்த மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகளுக்கு வந்து செல்லும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இளநிலைப் பட்ட மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து வருகிறேன். அதில் சரிபாதிக் காலம், எங்கள் துறையின் கற்றல் விளைவுக் கோப்புகளைத் தயாரிக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. உங்கள் நோக்கத்தை மதிக்கிறவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். மாணவர் என்ன கற்றார் என்பதை அளந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் அதற்காக எங்களிடமிருந்து நீங்கள் கேட்டு வாங்கும் எண்களில் கற்றல் இல்லை. அந்த எண்களைத் தயாரித்தவர்களில் ஒருவனாக இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முன்பெல்லாம் ஒரு கல்லூரியின் தரம் என்றால் எத்தனை கட்டடம், நூலகத்தில் எத்தனை புத்தகம், ஆசிரியர்களில் எத்தனை பேர் முனைவர் என்ற கணக்காகத்தான் இருந்தது. 1989-இல் ஆறு நாடுகளின் பொறியியல் அங்கீகார அமைப்புகள் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்படிக்கை, பின்னாளில் பட்டதாரியிடம் இருக்க வேண்டிய திறன்களை வரையறுத்தது. ஐரோப்பிய நாடுகள் தங்கள் பட்டப்படிப்புகளை ஒத்திசைப்பதற்காக 1999-இல் தொடங்கிய பொலோனியா நடைமுறையின் வழியாக ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களும் ஒவ்வொரு படிப்புக்கும் கற்றல் விளைவுகளை எழுத ஆரம்பித்தன. கல்லூரியிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி, அங்கிருந்து வெளியே வருகிறவரால் என்ன செய்ய முடிகிறது என்ற கேள்வியாக மாறியது. இந்த மாற்றத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். இன்றும் அதிலிருந்து பின்வாங்கவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. மாணவர்கள் இந்த விளைவுகளை எந்த அளவுக்கு எட்டினார்கள் என்று காட்டும் அடைவு அட்டவணையை முடிந்த வடிவில் மட்டுமே பார்க்கிற உங்களுக்கு, அது எப்படி உருவாகிறது என்பதை விளக்கிவிடுகிறேன். ஒரு தாளுக்கு ஐந்தாறு பாட விளைவுகள் எழுதுகிறோம். அகத் தேர்விலும் பருவத் தேர்விலும் உள்ள ஒவ்வொரு வினாவையும் ஏதேனும் ஒரு விளைவோடு இணைக்கிறோம். அந்த வினாவில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு நிலையைக் கொடுக்கிறோம்; மூன்றுதான் உயர்ந்தது. பருவத்தின் இறுதியில் மாணவர்களிடம் வாங்கிய கருத்துப் படிவத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கிச் சேர்த்துக்கொள்கிறோம். பிறகு எந்தப் பாட விளைவு எந்தப் பட்டப்படிப்பு விளைவோடு எவ்வளவு தொடர்புடையது என்று காட்டும் ஒரு தொடர்பு அணியின் வழியாக இவை அனைத்தும் பட்டப்படிப்பு விளைவுகளாக உருமாறி, இரண்டு தசம இடங்களோடு ஓர் எண்ணாக வந்து நிற்கின்றன. வினாவை எடுத்தது நான், விடையைத் திருத்தியது நான், தேர்ச்சி வரம்பை முடிவு செய்தது என் துறை, எந்த வினா எந்த விளைவை அளக்கிறது என்று தீர்மானித்ததும் நான். இத்தனை முடிவுகளும் ஒரே கையில் இருக்கும்போது வெளியே வரும் எண்ணுக்கு இரண்டு தசம இடத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று இதுவரை எந்தக் குழுவும் என்னிடம் கேட்டதில்லை.

ஓரிரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். மதிப்பீட்டுக் குழு வருவதற்கு நான்கு நாட்கள் இருந்தன. விசையியல் தாளின் மூன்றாவது விளைவுக்கான கட்டம் எக்செல் திரையில் சிவப்பாகவே நின்றது. 60 விழுக்காட்டைத் தாண்டிய மாணவர்கள் போதுமான அளவு இல்லை. ஒருங்கிணைப்பாளரும் நானும் சற்று நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வரம்பை 60-லிருந்து 55-ஆகக் குறைத்தோம். கட்டம் பச்சையானது. எங்கள் மாணவர்களில் ஒருவருக்குக்கூட அந்த நொடியில் புதிதாக எதுவும் விளங்கியிருக்கவில்லை. ஆனாலும் கோப்பின்படி விளைவு எட்டப்பட்டுவிட்டது. இதில் விதிமீறல் என்று சொல்லவும் எதுவும் இல்லை, ஏனென்றால் வரம்பைத் துறையே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. வந்த குழு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்தி தெரிவித்துச் சென்றது. அன்று நாங்கள் செய்தது தவறு. அந்தச் சிவப்புக் கட்டம் எங்களிடம் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கேட்காமல் நிறத்தை மாற்றிவிட்டோம்.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பது அடுத்த ஆண்டு எனக்குப் புரிந்தது. விசையியல் தாளை முடித்த மாணவர்களுக்கு, மதிப்பெண் இல்லாத ஒரு சிறு வினாத்தாளைக் கொடுத்தேன். அதில் ஒரு கேள்வி இது: ஒரு பெரிய லாரியும் ஒரு சிறிய காரும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன, மோதும்போது லாரி காரின்மேல் செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின்மேல் செலுத்தும் விசை பெரிதா, இரண்டும் சமமா? வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் லாரியின் விசைதான் பெரிது என்று குறித்திருந்தார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பருவத் தேர்வில் பிசகில்லாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்றிருந்த ஒரு மாணவியின் விடையும் அதுவாகவே இருந்தது. அவரை அழைத்துக் கேட்டேன். "பரீட்சையில் கேட்டால் சமம் என்றுதான் சார் எழுதுவேன். ஆனால் நசுங்குவது கார்தானே?" என்றார். இரண்டின்மேலும் செயல்படும் விசை ஒன்றுதான், நிறை குறைந்த காரின் வேகம் அதிகமாக மாறுகிறது, அதனால்தான் சேதம் அதற்கு அதிகம் என்று நாங்கள் இருவரும் பேசித் தெளிவதற்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் ஒரு பருவம் முழுவதும் என் வகுப்பில் நடக்காமல் போயிருந்தது. எங்கள் அட்டவணையிலோ மூன்றாம் விதிக்கு எதிரே மூன்றாம் நிலை என்று எழுதியிருந்தது.

இது என் வகுப்புக்கு மட்டும் நேர்ந்த குறையும் அல்ல. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், தன் மாணவர்களுக்கு இதே வகைக் கேள்விகளைக் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி விடை எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று ஒரு மாணவர் கேட்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். தன் கற்பித்தல் முறையையே அவர் மாற்றிக்கொண்டதற்கு அந்த அனுபவம் ஒரு காரணம். டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்ட விசைக் கருத்து வினாத்தொகுப்பு இத்தகைய கேள்விகளால் ஆனது. கணக்கே இல்லாத, சூத்திரமே தேவைப்படாத அந்த வினாக்களின் வலிமை அவற்றின் தவறான விடைகளில் இருக்கிறது. மாணவர்களின் விடைகளிலிருந்தும் நேர்காணல்களிலிருந்தும் அவர்கள் உண்மையிலேயே எப்படித் தவறாக எண்ணுகிறார்கள் என்று அறிந்து, அந்த எண்ணங்களையே விடைத் தெரிவுகளாக வைத்தார்கள். அதனால் ஒரு மாணவர் எதைத் தவறாகக் குறித்தார் என்பதிலிருந்து அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. என் பருவத் தேர்வு வினாத்தாள் எனக்கு ஒருபோதும் அதைச் சொன்னதில்லை.

வினாக்களுக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதச் சொல்லும் புளூம் நிலைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1956-இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட, நினைவுகூர்தலில் தொடங்கிச் சிந்தனைத் திறன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அந்தப் படிநிலை ஆசிரியருக்குப் பயனுள்ள கருவி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு வினா எந்த நிலையைச் சேர்ந்தது என்பதை அதிலுள்ள வினைச்சொல்லை வைத்துச் சொல்லிவிட முடியாது. 'பகுப்பாய்க' என்று தொடங்கும் வினாவுக்கான விடையைப் போன வாரம் நானே வகுப்பில் குறிப்பாகக் கொடுத்திருந்தால், அது நினைவாற்றலைச் சோதிக்கும் வினாதான். எங்கள் வினாத்தாள்களில் 'பகுப்பாய்க', 'மதிப்பிடுக' என்ற சொற்கள் பெருகியதற்குக் காரணம் ஒவ்வொரு நிலைக்கும் இத்தனை வினா என்று நீங்கள் விகிதம் கேட்டதுதான். வினாக்கள் அப்படியே இருந்தன.

நான் முக்கியமாகக் கேட்க வந்தது இதைத்தான்: பருவத்தின் முடிவில் மாணவர் எங்கே நிற்கிறார் என்பதோடு, அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதையும் கேளுங்கள். தொடக்கப் புள்ளி இல்லாமல் கற்றலை அளக்க முடியாது. நன்றாகத் தயாரான மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஒரு கல்லூரி, மூன்றாண்டுகளில் எதையுமே கற்பிக்காவிட்டாலும் உங்கள் அட்டவணையில் உயர்ந்தே நிற்கும். அடிப்படையே தடுமாறும் நிலையில் வந்த மாணவர்களைப் பாதித் தூரம் கைப்பிடித்து அழைத்து வந்த கல்லூரி தாழ்ந்து நிற்கும். இரண்டாவது கல்லூரியின் ஆசிரியர்கள் செய்த வேலைக்கு உங்கள் கோப்பில் ஒரு கட்டம்கூட இல்லை.

இதை அளப்பதற்கு எளிய வழி இருக்கிறது. ஒரே கருத்து வினாத்தொகுப்பைப் பருவத்தின் முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் கொடுத்துவிட்டு, மாணவர் முன்னேறியிருக்கக்கூடிய தூரத்தில் எவ்வளவு முன்னேறினார் என்று பார்ப்பதுதான் அது. 40 விழுக்காட்டில் தொடங்கிய ஒரு வகுப்பு 70-க்கு வந்தால், மீதமிருந்த 60-இல் 30-ஐக் கடந்திருக்கிறது. அதன் முன்னேற்றம் 0.5. 70-இல் தொடங்கி 76-க்கு வந்த வகுப்பின் முன்னேற்றம் 0.2 மட்டுமே. 1998-இல் ரிச்சர்ட் ஹேக் இந்தக் கணக்கை 62 அறிமுக இயற்பியல் வகுப்புகளுக்கு, மொத்தம் 6,542 மாணவர்களுக்குச் செய்து பார்த்தார். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வழக்கமான 14 வகுப்புகளின் சராசரி முன்னேற்றம் 0.23. மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்து, உடனுக்குடன் தங்கள் எண்ணத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்படி அமைந்த 48 வகுப்புகளின் சராசரி 0.48. கேட்டுக்கொண்டிருந்த வகுப்புகள் கடந்தது கால்வாசித் தூரம்கூட இல்லை. நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் கற்பித்தேன் என்பதால், அந்த எண்ணை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது. என்னை மாற்றிய எண் அதுதான். கோப்புக்காக நான் கணக்கிட்ட எந்த எண்ணும் என்னை ஒரு வகுப்பையாவது வேறு விதமாக எடுக்க வைத்ததில்லை.

கருத்துப் படிவத்தை அடைவுக் கணக்கில் சேர்ப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். மாணவர் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் மரியாதையோடு நடத்தப்பட்டாரா, ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, ஐயம் கேட்க இடமிருந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் தான் எவ்வளவு கற்றோம் என்பதைச் சொல்ல அவராலும் எளிதில் முடிவதில்லை. 2019-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், தாமே முயன்று கணக்குகளைச் செய்து பார்த்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள்; ஆனால் தெளிவான சொற்பொழிவைக் கேட்ட மாணவர்களே தாங்கள் அதிகம் கற்றதாக நம்பினார்கள். முயன்று தடுமாறும்போது ஏற்படும் சிரமத்தை மாணவர் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார். அந்த உணர்வை அடைவு என்று கணக்கில் வைத்தால், மாணவரைச் சிந்திக்க வைத்துச் சிரமப்படுத்தும் ஆசிரியரே தண்டிக்கப்படுவார்.

இனி, நான் அஞ்சுவதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு, எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே பொதுத் தேர்வை வைத்து, முன்னேற்றத்தைக் கணக்கிட்டு, அதை வைத்துத் தரவரிசை வெளியிடலாம் என்று யாரேனும் முடிவெடுத்துவிடக் கூடாது. அந்த வழியில் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, பல நாட்டுப் பட்ட மாணவர்களைப் பொதுத் திறன்கள், பொருளியல், பொறியியல் ஆகியவற்றில் ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா என்று அஹெலோ என்ற பெயரில் ஒரு முன்னோட்ட ஆய்வை நடத்தியது. 17 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 23,000 மாணவர்கள் பங்கேற்றும், அது முழு அளவிலான திட்டமாக வளரவில்லை. பிரேசில் 2004 முதல் எனாடே என்ற தேசியத் தேர்வைப் பட்ட மாணவர்களுக்கு நடத்துகிறது. தேர்வில் கலந்துகொள்வது பட்டம் பெறக் கட்டாயம்; ஆனால் நெடுங்காலம் அதில் வாங்கிய மதிப்பெண்ணால் மாணவருக்குக் கிடைத்ததும் இழந்ததும் எதுவுமில்லை.

தனக்குப் பொருட்டில்லாத தேர்வை ஒரு மாணவர் எவ்வளவு அக்கறையோடு எழுதுவார்? அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரே தேர்வை எழுதிய மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, மதிப்பெண் எதற்குப் பயன்படும் என்பதை மட்டும் குழுவுக்குக் குழு வேறு விதமாகச் சொன்னார்கள். உங்கள் மதிப்பெண் உங்கள் ஆசிரியர்களுக்கும் வேலை கொடுப்பவர்களுக்கும் போகக்கூடும் என்று கேட்டவர்கள், அது ஆராய்ச்சிக்கு மட்டுமே என்று கேட்டவர்களைவிடத் தெளிவாக அதிக மதிப்பெண் எடுத்தார்கள். கல்லூரிக் காலத்தில் மாணவர்கள் கற்றார்களா இல்லையா என்ற முடிவே இந்த ஒரு வாக்கியத்தால் மாறிவிடக்கூடிய அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. இப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒரு கல்லூரிக்கு மேல் இன்னொரு கல்லூரியை நிறுத்துவது நியாயமாகாது. அதோடு, தரவரிசை என்று வந்துவிட்டால் முதல் வாரத் தேர்வில் மாணவர்களைக் குறைவாக எழுதவிட்டு, கடைசி வாரத்துக்கு வினாக்களையே பயிற்றுவிக்கும் பழக்கம் ஓராண்டுக்குள் பரவிவிடும். அன்று வரம்பை 55-ஆக மாற்றிய என் கைதான் இதையும் செய்யும். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எல்லாத் துறைகளுக்கும் வினாத்தொகுப்பு பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். வேதியியல், உயிரியல், புள்ளியியல், நுண்கணிதம் ஆகியவற்றுக்கு அத்தகைய கருவிகள் உருவாகியிருக்கின்றன. இலக்கியமும் வரலாறும் சட்டமும் கற்பிக்கும் என் சகாக்களுக்கு அது உதவாது. அங்கே மாணவர் எழுதியதைத்தான் படித்தாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒன்று 2009-இல் வெளியிட்ட வேல்யூ மதிப்பீட்டு அளவுகோல்கள், மாணவர் வகுப்புக்காக எழுதிய உண்மையான கட்டுரைகளையே எடுத்துக்கொண்டு, வாதம் எவ்வளவு வலுவானது, சான்றுகள் எப்படிக் கையாளப்பட்டன என்று நான்கு நிலைகளில் பார்க்கின்றன. ஓர் இலக்கிய ஆசிரியரோடு இதைச் செய்து பார்த்தேன். ஒரே மாணவர் முதலாண்டிலும் மூன்றாமாண்டிலும் எழுதிய இரண்டு கட்டுரைகளை, பெயரையும் ஆண்டையும் மறைத்து, இருவரும் தனித்தனியாகப் படித்து மதிப்பிட்டோம். முதல் கட்டுரையில் எங்கள் மதிப்பீடு ஒத்துப்போகவில்லை. ஏன் என்று பேசத் தொடங்கியதில், 'சான்று' என்ற சொல்லை நான் ஒரு விதமாகவும் அவர் வேறு விதமாகவும் புரிந்துவைத்திருந்தது தெரிந்தது. மாணவர்களிடம் நாங்கள் இத்தனை ஆண்டுகள் 'சான்று காட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அளவீட்டால் ஆகவேண்டிய பயன் இத்தகைய பேச்சுதான். இருபது கட்டுரைகளை ஓர் ஆசிரியர் குழு இப்படிச் சேர்ந்து படிப்பதால் விளையும் மாற்றம், ஆயிரம் மாணவர்களின் மதிப்பெண்ணை எக்செல்லில் ஏற்றுவதால் விளையாது.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது கூடுதல் வேலையைக் கொடுங்கள் என்பதை அல்ல. இப்போது கேட்பதில் பெரும்பகுதியைக் கைவிடுங்கள் என்பதை. எல்லாத் தாள்களுக்கும் எல்லாப் பருவங்களிலும் அடைவுக் கணக்கு வேண்டாம். ஒரு துறை ஆண்டுக்கு இரண்டு தாள்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் மாணவரின் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் நேர்மையாக அளக்கட்டும். அளவீட்டின் முடிவு அந்தத் தாளைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடமே முதலில் போய்ச் சேரட்டும். முன்னேற்றம் குறைவாக இருந்தது என்று ஒரு துறை எழுதினால் அதற்காக அதன் புள்ளிகளைக் குறைக்காதீர்கள். அதைக் கண்டு அவர்கள் என்ன மாற்றினார்கள், மாற்றிய பிறகு என்ன ஆனது என்பதற்குப் புள்ளி கொடுங்கள். ஒரு சிவப்புக் கட்டத்தை அச்சமின்றி உங்கள் முன் வைக்க எங்களுக்கு இடம் கொடுத்தால், அதைப் பச்சையாக்க நாங்கள் செலவிடும் இரவுகள் மாணவர்களுக்கு மிச்சமாகும்.

அடுத்த முறை உங்கள் குழு ஒரு கல்லூரிக்கு வரும்போது, கோப்புகள் அடுக்கிய அறைக்குப் போவதற்கு முன் ஒரு வகுப்பறைக்குப் போய், ஏதேனும் ஒரு தாளை முடித்த ஐந்து மாணவர்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள். முதல்வரோ துறைத் தலைவரோ அந்த மாணவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்களே பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் மையமான கருத்து ஒன்றை, பாடநூலில் இல்லாத ஒரு சூழலில் வைத்து, அவர்கள் சொந்தச் சொற்களில் விளக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு, பிறகு அதே தாளின் அடைவு அட்டவணையைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆசிரியர்களோடு பேசுங்கள். என் துறைக்கு வருவதாக இருந்தால், லாரியும் காரும் மோதும் கேள்வியை நீங்களே கேட்கலாம். இந்த ஆண்டு மாணவர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்பதை நானும் உங்களோடு உட்கார்ந்து கேட்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்